பலகை விலை

என் வீட்டுச் சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு மரப்பலகை சாய்ந்து நிற்கிறது. இரண்டடி உயரம் இருக்கும். கறுப்புச் சாயம் பூசி, மேலே இரண்டு துளை போட்டு, தொங்கவிடக் கட்டுக்கம்பி கோத்தது. தலைப்பில் வெள்ளை பெயிண்டில் 'இன்றைய விலை' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே அரிசி, துவரம்பருப்பு, கடலை எண்ணெய், வெல்லம், மிளகாய், புளி என்று வரிசையாகப் பெயர்கள், அவையும் பெயிண்டில்தான். எதிரே சாக்பீஸால் விலை எழுதும் இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று என் மருமகள் கேட்கிறாள். அது பாட்டுக்கு நிற்கட்டும் என்று நானும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறேன்.

இந்தப் பலகை ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு பாயின் மளிகைக் கடையில் தொங்கியது. அவர் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. பல வருஷம் வாரம் தவறாமல் என் படிவத்தில் எழுதிய பெயர். ஆனால் அந்தத் தெரு முழுக்க அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டது. படிவத்தில் எழுதிய பெயரால் அவரை இன்னொரு முறை குறிப்பிட எனக்கு வாய் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது தொழிற்பேட்டை மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தது. பின்தங்கிய பகுதி என்று பெயர் வைத்து, சலுகை கொடுத்து, ராகி விளைந்த மண்ணுக்குத் தொழிற்சாலைகளை வரவழைத்திருந்தார்கள். திருநெல்வேலி, மதுரை, திருச்சி என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஓர் அறைக்கு நாலைந்து பேர் தங்கி, ஷிப்டுக்கு ஷிப்டு மாறி ஒரே படுக்கையில் தூங்கினார்கள். நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்த சூட்டோடு வந்தவள். விலை விவரம் சேகரிப்பது என் உத்தியோகம். செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் குறித்த சில கடைகளுக்குப் போக வேண்டும். குறித்த சாமான், குறித்த தரம், அன்றைய விலை. இவற்றைக் கேட்டுப் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து விலைவாசிப் புள்ளி என்று ஒரே ஓர் எண்ணாக இறக்குவார்கள். அந்த எண் ஏறினால் தொழிலாளியின் சம்பளத்தில் பஞ்சப்படி என்ற பகுதி ஏறும். எண் ஏறவில்லை என்றால் விலை ஏறவில்லை என்று அர்த்தம். அவன் வயிறு என்ன சொன்னாலும் அதைக் கேட்க ஆள் கிடையாது.

எங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. இந்த விவரம் எதற்காக என்று கடைக்காரரிடம் சொல்லக் கூடாது. நோக்கம் தெரிந்தால் ஆள் விலையைக் கூட்டியோ குறைத்தோ சொல்வான், எண் கெட்டுவிடும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்கும்போது எவ்வளவு சரியாகத் தோன்றியது! மனிதர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் மனிதர்களைப் பற்றி எழுதிய விதி என்று புரிய எனக்கு வருஷங்கள் ஆயின. எதற்கென்று சொல்லாமல் ஒரு சர்க்கார் ஆள் நோட்டும் கையுமாகக் கடை வாசலில் நின்று விலை கேட்டால், கடைக்காரனுக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: ரெய்டு.

பாய் ஐம்பதைத் தொட்டவர். ஒல்லி, உயரம், எப்போதும் அரைக்கைச் சட்டைக்கு மேல் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். ஓசூர்க் குளிர் அவருக்குப் பன்னிரண்டு மாதமும் இருந்தது. தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம், தர்மபுரிப் பக்கத்துப் பூர்வீகம். கடைக்கு வரும் லாரிக்காரர்களிடம் கன்னடம் பேசுவார். சானமாவுக் காட்டோரத்திலிருந்து புளி கொண்டுவரும் பெண்களிடம் தெலுங்கு பேசுவார். என்னிடம் மட்டும், நான் வெறும் குமாஸ்தா சம்பளக்காரி என்பது தெரியாமல், எழுந்து நின்று பேசுவார். முதல் செவ்வாய்க்கிழமை நான் படிவத்தை விரித்ததும் அவர் தாழ்ந்த குரலில் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

"எந்த வெல வேணும் மேடம்? பலக வெலயா, விக்கிற வெலயா?"

எனக்குப் புரியவில்லை. அவர் கடையின் முன்பக்கம் கைகாட்டினார். பலகையின் அடியில் ஒரு சிறிய மூட்டை வாய் திறந்து இருந்தது. கறுப்பும் கல்லுமாக, நொய்யும் உமியும் கலந்த அரிசி. அந்தக் காலத்தில் சில சாமான்களுக்கு வணிகர்களையும் அதிகாரிகளையும் உட்கார வைத்து ஒரு நியாய விலை முடிவு செய்வார்கள். அந்த விலையைக் கடைக்காரர்கள் பலகையில் எழுதி மாட்ட வேண்டும். அந்த விலைக்கு மொத்த வியாபாரியே தரமாட்டான் என்பது ஊருக்கே தெரியும். அதனால் அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பலகை விலைக்கென்று ஒரு மூட்டை வைப்பார்கள். யாரும் வாங்க மாட்டார்கள். யாராவது சோதனைக்கு வந்தால் அதைக் காட்டுவார்கள். அதற்குப் 'பலகை மூட்டை' என்றே பெயர். ஜனங்கள் தின்னும் அரிசி உள்ளே இருந்தது. அதன் விலை வாய்க்கு வாய் தெரியும், எங்கேயும் எழுதியிருக்காது.

எந்த விலையை எழுதுவது என்று மாவட்டத் தலைநகரில் இருந்த எங்கள் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், படித்தவர், மேஜை மேல் தடித்தடியாகப் பொருளாதாரப் புத்தகங்கள். என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சட்டம் ஒரு விலை சொல்லுது. அதுக்கு மேல ஒரு விலை இருக்குன்னு அரசாங்கமே எழுதினா, அப்புறம் சட்டம் எதுக்கும்மா?" என்றார். அதோடு ஒரு பொடியும் வைத்தார்: விற்கும் விலையை எழுதினால் அந்தக் கடைக்காரர் மேல் வழக்குப் போட வேண்டி வரும், பரவாயில்லையா? பாய் நன்மைக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பலகை விலையை எழுதினேன். அடுத்த வாரமும் எழுதினேன். பிறகு கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. நான் வருவதைப் பார்த்ததும் பாய் துணியால் பலகையைத் துடைத்து, அதே விலைகளைப் புதிதாகப் பளிச்சென்று எழுதி வைப்பார். எனக்கு மரியாதை செய்வதாக அவருக்கு நினைப்பு. டீயும் வரும்.

நான் அப்போது பாடப்புத்தகத்தை அப்படியே நம்பினேன் என்பதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. புள்ளிக்கு அடியில் 'சராசரிக் குடும்பம்' என்று ஒன்று உண்டு. அது மாதம் இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு துணி என்று வாங்கும். அதன் வாடகையும் அளவோடுதான் இருக்கும். மூக்கண்டப்பள்ளியில் அறை எடுக்கக் கேட்ட அட்வான்ஸும், குடத்துக்கு இவ்வளவு என்று விற்ற தண்ணீரும் அதன் பட்டியலில் கிடையாது. ஒருநாள் பாயிடம் பெருமையாக அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன், எதற்கென்று மட்டும் சொல்லாமல். அவர் யோசித்துவிட்டு, "அவங்க எந்தத் தெருவுல இருக்காங்க மேடம்? நம்ம கடைக்கு வந்ததே இல்லீங்களே" என்றார். நான் சிரித்தேன். படிக்காதவர் பேச்சு என்று சிரித்தேன். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இன்னொரு தடவை, பட்டியலில் இருந்த மட்ட ரகப் பருப்பு சந்தையிலிருந்தே காணாமல் போயிற்று. அதைவிட உயர்ந்த ரகம்தான் கிடைத்தது, விலையும் ஏகத்துக்கு அதிகம். விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். தரம் கூடியதால் விலை கூடியிருக்கிறது, ஆகவே விலை கூடவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் எழுதியிருந்தது. மலிவானது கிடைக்காமல் விலை உயர்ந்ததை வாங்கியவன், புத்தகத்தின்படி முன்னைவிட நன்றாக வாழ்கிறான். அதே புத்தகத்தின்படி, அரிசி விலை ஏறினால் ஜனங்கள் ராகிக்கு மாறிக்கொள்வார்கள். அது அவர்கள் விருப்பத் தேர்வு, அதனால் பெரிய நஷ்டம் இல்லை. தெற்கத்தி ஆட்கள் ராகி மாவு வாங்கிப்போய் களி கிண்டத் தெரியாமல் கட்டி கட்டியாக விழுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கும் தேர்வு என்றுதான் பெயர். பாய் அந்த மாவை நிறுத்துக் கொடுக்கும்போது ஒரு பிடி கூடப் போடுவார். "பாவம், இவங்களுக்கு வாய்க்கு ஒத்துக்காதுங்க மேடம். வேற வழி இல்லாம வாங்கிட்டுப் போறாங்க" என்பார். வேறு வழி இல்லாமல் என்ற இந்தச் சொல்லுக்கு என் எம்.ஏ. படிப்பில் எந்தப் பக்கத்திலும் இடமிருக்கவில்லை.

அடுத்தடுத்து மழை பொய்த்த காலம் வந்தது. உள் மூட்டை விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. பலகை விலை அசையவில்லை. அந்தத் தெருவில் பாதிப் பேர் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், ஊர் விலைவாசிப் புள்ளியோடு பஞ்சப்படியைக் கட்டி ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் அதைப் பெரிய வெற்றியாக நினைத்து லட்டு கொடுத்தார்கள். விலை ஏறினால் தானாகச் சம்பளம் ஏறும், யாரிடமும் கை ஏந்த வேண்டாம்! எனக்கும் ஒரு லட்டு வந்தது. வாங்கித் தின்றேன். வருஷக் கடைசியில் புள்ளி வந்தபோது பஞ்சப்படி ஏறிய தொகை, ஒரு வேளை டீக்கும் பன்னுக்கும்கூடக் காணாது. பேச்சுவார்த்தைக்குப் போன சங்கத்தாரிடம் நிர்வாகத்துத் தரப்பில் ஒருவர், இந்த எண்ணை நாங்கள் போடவில்லை, உங்கள் ஆட்கள் சாமான் வாங்கும் கடையிலேயே வாரா வாரம் கேட்டு எழுதிய விலை இது என்று சொல்லி, கடையையும் அடையாளம் காட்டிவிட்டார். எங்கள் அலுவலகத்துக்கு வெளியே போகக்கூடாத விவரம் அது. எப்படிப் போயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நான் கடையில் படிவத்தை விரித்து உட்கார்ந்திருந்தேன். முதல் ஷிப்டுக்குப் போகாமல் இருபது முப்பது பேர் கடை வாசலுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் சங்கச் செயலாளர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பாயிடம் வருஷக்கணக்காகச் சாமான் வாங்குகிறவர். அவர் சத்தம் போடவில்லை.

"பாய், ஒண்ணு கேக்கேன், நேராச் சொல்லும். கவருமெண்டுக்கு அரிசி வெல சொன்னது நீருதானா?"

பாய் பலகையைப் பார்த்தார். "ஆமாங்க. பலகயில என்னா எழுதியிருக்குதோ அதச் சொன்னேன்."

"எங்ககிட்ட வாங்குத வெல ஒண்ணு, அங்க சொல்லுத வெல ஒண்ணா? அந்த வெலய வச்சுத்தான் எங்க பஞ்சப்படியப் போடுதாங்க, தெரியுமாவே?"

பாய்க்குத் தெரியாது. தெரியாது என்பது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஒரு சின்ன எதிர்பார்ப்புதான். மேடம் இருக்கிறார், மேடம் சொல்வார் என்ற எதிர்பார்ப்பு. இரண்டு விலையில் எது வேண்டும் என்று முதல் நாளே கேட்டவர் அவர். பலகை விலையை எழுதியவள் நான். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். நான் அதற்குள் படிவத்தில் கடலை எண்ணெய்க்கு நேரே எழுத ஆரம்பித்துவிட்டேன். தலையைத் தூக்கவே இல்லை. பிறகு பாயின் குரல் கேட்டது. "நான் சொன்னதுதாங்க. தப்பு நம்முதுதான்."

யாரும் கடையை உடைக்கவில்லை, கை ஓங்கவில்லை. வருவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். வேறு எந்தக் கடைக்குப் போனாலும் அங்கேயும் பலகையும் பலகை மூட்டையும் இருந்தன. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஏமாற்றிவிட்டார் என்ற கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, பாயின் முகம் கிடைத்தது. அவர் மதத்தை இழுத்துப் பேசியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான், ஆனால் பேசினார்கள். நான் ஒவ்வொரு செவ்வாயும் போனேன். பாய் முன்போலவே எழுந்து நின்றார், பலகையைத் துடைத்து எழுதினார். டீ மட்டும் வரவில்லை. டீக்கடைக்காரரும் அந்தப் பக்கம் வருவதை விட்டிருந்தார்.

நாலைந்து மாதம் அப்படி ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது கடை காலியாக இருந்தது. மூட்டைகள் இல்லை, தராசு இல்லை. பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைப் பார்த்து அவர் எழுந்திருக்கவில்லை. பலகை மட்டும் அதன் இடத்தில் தொங்கியது. அதில் வேறு விலைகள் இருந்தன. அரிசிக்கு எதிரே, பருப்புக்கு எதிரே, எண்ணெய்க்கு எதிரே, கடைசியாக அவர் என்ன விலைக்கு விற்றாரோ அந்த விலைகள். அழகான எழுத்து, ஓர் அடித்தல் இல்லை.

"எழுதிக்குங்க மேடம். இன்னிக்கு ரெண்டு வெல கெடையாது, ஒண்ணுதான்" என்றார். பிறகு சொன்னார்: "எதுக்கு எழுதறீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கேஸு வந்தாலும் வரட்டும்னு அப்பவே சொல்லியிருப்பேனுங்க. என் பொண்ணு வூட்டுக்காரரும் அந்தக் கம்பெனியிலதான் இருக்காரு. அந்தப் படியிலதான் அவங்க அடுப்பு எரியுது."

எனக்கு அவர் மருமகன் அங்கே வேலை பார்ப்பது அன்றுதான் தெரிந்தது. பல வருஷம் அவர் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன்; மகள் எங்கே இருக்கிறாள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அது படிவத்தில் கேட்கப்படாத கேள்வி.

அன்றும் நான் அந்த விலைகளை எழுதவில்லை. சரக்கு இல்லாத கடையின் விலை விலையாகாது. கடை மூடியிருந்தால் போன வார விலையையே திரும்ப எழுத வேண்டும், விதி அப்படி. உண்மையான விலைகள் எல்லாம் கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருக்க, பாய் பார்த்துக்கொண்டிருக்க, நான் போன வாரத்துப் பொய்யை வரிக்கு வரி எழுதினேன். எழுதி முடித்ததும் அவர் பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இத நீங்களே வெச்சிக்குங்க. எனக்கு என்னாத்துக்கு?" என்றார். வாங்காமல் வந்திருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் கடை மாற்றத்துக்கு ஒரு படிவம் இருந்தது. அதில் காரணம் என்ற கட்டத்தில், கடைக்காரர் தன் விருப்பத்தின் பேரில் கடையை மூடினார் என்று எழுதினேன். பக்கத்துத் தெருவில் வேறொரு கடையைச் சேர்த்தேன். அங்கே வேறு ரகம், பலகையிலேயே விலை கூடுதல்தான். ஆனால் புதுக் கடையின் விலையைப் பழைய கடையின் விலையோடு ஒட்டுவதற்கு ஒரு முறை உண்டு. அப்படி ஒட்டினால் நடுவில் இருந்த ஏற்றம் கரைந்துவிடும். அந்த வருஷமும் எண் ஏறவில்லை. ஒட்டுப் போட்டது சுத்தமாக இருக்கிறது என்று அதிகாரி பாராட்டினார். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது.

தொண்ணூறுகளில் ஒருமுறை அத்திப்பள்ளிப் பக்கம் போகும்போது ஜூஜுவாடியில் பஸ் நின்றது. லாரி ஷெட் ஒன்றின் வாசலில் அதே பழுப்பு ஸ்வெட்டர். வந்து நிற்கும் லாரிகளில் சரக்குக்குக் காவல் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அந்த எழுந்து நிற்றல்தான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குள் காலம் மாறி, பலகைகளும் நியாய விலையும் ஒழிந்து, சந்தை சொல்வதே சரியான விலை என்ற புதுப் பாட்டு தொடங்கியிருந்தது. எங்கள் அதிகாரியின் மேஜையில் இப்போது அதற்கான புத்தகங்கள். முன்பு சட்டம் சொன்ன விலை உண்மை என்றார்கள். பிறகு சந்தை சொன்ன விலை உண்மை என்றார்கள். கடை வாசலில் நின்று காசையும் சாமானையும் மாறி மாறிப் பார்த்த பெண்களிடம் இரண்டு தடவையும் யாரும் கேட்கவில்லை. பாய் பஸ் ஜன்னலோரம் வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இப்ப எந்தக் கடயில எழுதறாங்க மேடம்?" பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது என்று எழுத ஆசை. கிளம்பவில்லை. நான்தான் சொல்லவில்லை.

இன்று நான் ஓய்வூதியக்காரி. பஞ்சப்படிக்கு இப்போது அகவிலைப்படி என்று பெயர். எனக்கு அது எவ்வளவு என்பதை இன்னும் ஏதோ ஒரு கடை வாசலில் யாரோ ஒருத்தி எழுதும் எண்கள்தான் முடிவு செய்கின்றன. விலைவாசி கட்டுக்குள் இருக்கிறது என்று பேப்பரில் வந்த அன்று, மருமகள் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இதென்ன அநியாயம் என்றாள். நான் எழுந்துபோய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்தேன். பேரன் பையில் ஒரு சாக்பீஸ் கிடைத்தது. பாய் கடைசி நாளில் எழுதிய விலைகளை மறுபடி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அவருக்கு நான் செய்யக்கூடியது வேறு என்ன இருக்கிறது?

பாய் கொடுத்த அன்றைக்கு இதை நான் பஸ்ஸில் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தேன். கூட்டம். வீட்டுக்கு வந்து பார்த்தபோது சாக்பீஸ் எழுத்தெல்லாம் என் புடவையில் ஒட்டியிருந்தது. புடவையைத் துவைத்துப் போட்டேன். இப்போது சாக்பீஸோடு உட்கார்ந்து எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். பலகை விலைகள் அத்தனையும் ஞாபகம் இருக்கின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம், மிளகாய், புளி, ஒன்று விடாமல் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அவர் விற்ற விலை ஒன்றுகூட நினைவில் இல்லை. நான் அதை எழுதியதே இல்லையே.